கோவளத்தில் எழுதிய நான்கு அழைப்பிதழ்கள்

வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. தாம்பரம். திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்ததில் முதுகு பலகையாகியிருந்தது. மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கினேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்பதால் ஜி.எஸ்.டி. சாலையில் கால் வைக்க இடமில்லை. எல்லார் கையிலும் துணிப்பை, பட்டாசுப் பை. டீ நன்றாக இருந்தது. அன்றைக்கு எனக்குத் திருப்தியாக அமைந்தது அது ஒன்றுதான் என்பதால் மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

பல்கலைக்கழகம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு, நான் நகர ஆரம்பித்ததும் நூறு ரூபாய்க்கு இறங்கினார்.

"காலேஜ்ல வேலையா மேடம்?"

"இல்லைங்க, ஒரு கூட்டம் நடத்த வந்திருக்கேன். இன்னும் இருபது வருஷத்துல இந்த யுனிவர்சிட்டி எப்படி இருக்கும்னு பேசணும்."

"ஜோசியமா?"

"ஜோசியர் ஒரு பலன் சொல்லுவார். நாங்க நாலு சொல்லுவோம்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "நாலு சொன்னா ஒண்ணாச்சும் பலிச்சிடும். செம வேலையா கீதே மேடம் இது!"

எனக்குச் சுருக்கென்றது. பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதோடு கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போய், வரக்கூடிய எதிர்காலங்களை எழுதிப் பார்த்துத் திட்டம் போடச் சொல்லித் தருகிறேன். இதுவரை நடத்திய கூட்டங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பீரோவில் பழைய காலண்டர்களோடு தூங்குகின்றன. ஆகவே ஆட்டோக்காரர் சொன்னதை முழுசாக மறுக்கவும் வாய் வரவில்லை.

பதிவாளர் வரதராஜன் வாசலிலேயே நின்றிருந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் சல்லடையில் சலித்துவிட்டுப் பேசுகிற மனிதர். "வாங்க மேடம். ஹாஜியார் காலைலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டார்" என்றார். ஹாஜியார் என்பவர் பல்கலைக்கழகத்தை நிறுவியவர், இப்போதைய வேந்தர். வயது எழுபத்தெட்டு. பம்மலில் தோல் வியாபாரத்தில் சம்பாதித்து, அங்கேயே ஒரு கிடங்கைக் காலி செய்து, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலைக் கல்லூரி தொடங்கினாராம். தாம்பரத்துப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்தது. இப்போது கோவளம் பக்கம் நிலம் பார்த்திருக்கிறார்கள். அங்கே புது வளாகம் கட்டலாமா என்பதுதான் மறுநாள் கூட்டத்தின் கேள்வி.

"அப்போ பம்மல்?" என்று கேட்டேன்.

"அது ஹாஜியார் விருப்பம் மேடம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் நீங்களே போய் ஒரு நடை பார்த்துட்டு வந்துடுங்க. அப்புறம் ஒரு விஷயம். நாளைக்கு ஹாஜியாரும் உக்காருவார். நீங்க இந்த மோசமான எதிர்காலம், அது இதுன்னு பேசுவீங்களாமே. கொஞ்சம் நல்ல வார்த்தையா பேசுங்க" என்றார்.

நல்ல வார்த்தை மட்டும் பேசுவதென்றால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும், ஒரு வாழ்த்து மடல் அடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று மனசுக்குள் பொருமிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. பயணப்படி இன்னும் வாங்கவில்லை.

மாலை ஏழு மணி. பம்மல். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை மின்சார ரயில், ஐந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். என் மடியில் யாருடைய பையோ, என் பை யாருடைய மடியிலோ. தெருவெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், நடுநடுவே பட்டறைகள். மாலைக் கல்லூரியின் மாடிப்படியில் ஏறும்போதே கிரைண்டர் ஓடுகிற சத்தம் பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி ஒருவர் கணக்குப்பதிவியல் நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது பேராவது இருப்பார்கள். ஒரு பெண் மூன்றாவது பெஞ்சில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தாள். யாரும் அதை ஒரு அதிசயமாகப் பார்க்கவில்லை.

மாலைக் கல்லூரியின் பொறுப்பாளர் பர்வீன், நாற்பத்தைந்து வயதிருக்கும், இதே கட்டடத்தில் மாலை வகுப்பில் படித்து மேலே வந்தவர். எனக்கு சமோசா வாங்கி வைத்திருந்தார்.

"இவங்கள்லாம் கோவளத்துக்கு வருவாங்களா?" என்று கேட்டேன்.

"எப்படி மேடம் வருவாங்க? ஆறு மணிக்குப் பட்டறையை விட்டு, மூஞ்சி கழுவிட்டு, நடந்தே வந்துடறாங்க. இங்க இருக்கறதாலதான் படிக்கறாங்க. தாம்பரம்னாலே பாதிப்பேர் நின்னுடுவாங்க."

"இதை மூடிடுவாங்கன்னு பயமா?"

"ஹாஜியார் இருக்கற வரைக்கும் ஒரு கவலையும் இல்ல. அதுக்கப்புற..." என்றவர் சட்டென நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவர் நூறு வயசு இருக்கணும் மேடம். நான் ஒண்ணும் சொல்லல."

சமோசாவை என் பக்கம் நகர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. இந்த ஐம்பது பேரும், இந்த அம்மாவும், ஒரு மனிதருடைய ஆயுளை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அதை அவரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் அவருக்கு ஏதாவது ஆகட்டும் என்று சொன்னது போல ஆகிவிடும்.

சனிக்கிழமை, காலை. கோவளம் தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம், பிறகு கோவளம். சாதாரண நாளில் ஒரு மணி நேரம் என்றார்கள். பெருங்களத்தூரைத் தாண்டவே அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. ஊருக்குப் போகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு சாலைவரை வழிந்திருந்தது. பின்னிருக்கையில் நானும் பர்வீனும், முன்னால் வரதராஜன் சார். அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பி, "நல்ல வார்த்தையா மேடம்" என்றார்.

கோவளத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் உப்புக்காற்று. மணலில் படகுகள் ஏறியிருந்தன, அவற்றின் நிழலில் மீன் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்த மண்டபம் கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஹாஜியார் எங்களுக்கு முன்பே வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, கையில் சர்க்கரை போடாத டீ. பக்கத்தில் அவர் மகன் யூசுப், இணைவேந்தர். கோவளம் திட்டம் இவருடையது. ஆசிரியர்களும் அலுவலர்களுமாக இருபத்து நான்கு பேர்.

கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டேன். பிள்ளைகள் நிறையச் சேருவார்களா, குறைந்துபோவார்களா? நேரில் வந்து படிப்பார்களா, கைபேசியிலேயே படித்து முடிப்பார்களா? நான்கு கட்டம் வந்தது. நான்கு எதிர்காலம். எந்தக் கட்டம் வரும் என்று ஊகிப்பது நம் வேலை இல்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் போய் ஒரு காலைப்பொழுது வாழ்ந்து பார்த்துவிட்டு வருவதுதான் வேலை என்று சொன்னேன். இன்றைக்கு எடுக்கப்போகும் முடிவு நான்கிலும் தாக்குப்பிடித்தால் தைரியமாகச் செய்யலாம். ஒன்றில் மட்டும் பிழைத்தால் கையைச் சுட்டுக்கொள்வோம்.

இதை அறிக்கையாக எழுதச் சொன்னால் நம்மவர்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவும் இருபது வருடம் கழித்து நடக்கப்போகும் பட்டமளிப்பு விழாவின் அழைப்பிதழைத் தயாரிக்க வேண்டும். எங்கே, எப்போது, யார் பேசுகிறார்கள், யார் பட்டம் வாங்குகிறார்கள். அழைப்பிதழ் என்றால் நமக்கு ரத்தத்திலேயே ஊறியது. யார் பெயர் எந்த வரியில், எந்த அளவு எழுத்தில் என்று மூன்று மணி நேரம் சண்டை போடுவோம். அன்றும் போட்டார்கள். மண்டபமே கல்யாண வீடு மாதிரி ஆனது.

முதல் குழுவின் அழைப்பிதழ் தடபுடலாக இருந்தது. கோவளம் வளாகம், கடலோரப் பந்தல், ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள். தலைமை, வேந்தர் ஹாஜியார் அவர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவது குழுவின் விழா கைபேசித் திரையிலேயே நடந்தது, பட்டம் குறுஞ்செய்தியாக வந்தது. தலைமை, வேந்தர் ஹாஜியார் அவர்கள். மூன்றாவதில் பிள்ளைகள் குறைந்து, மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே மேடையில் விழா நடத்தின. அங்கேயும் அவரே.

நான்காவது, இருப்பதிலேயே மோசமான கட்டம். பிள்ளைகளும் குறைவு, வருகிறவர்களும் கைபேசியில். அது வரதராஜன் சார் குழுவுக்கு விழுந்திருந்தது. நல்ல வார்த்தை, நல்ல வார்த்தை என்று வழியெல்லாம் ஓதிய மனிதர், எழுந்து நின்று படித்தார். "இடம்: நமது பழைய கலையரங்கம், தற்போது திருமண மஹால். முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் ஹால் கிடைத்துள்ளது. மாலை வரவேற்புக்கு ஹாலை விட வேண்டியிருப்பதால் விழா பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். பட்டதாரிகள் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டாம்."

மண்டபம் அதிர்ந்தது. பர்வீன் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வரதா, அதுல தலைமை யாரு?"

வரதராஜன் சார் தாளைப் பார்த்தார். "நீங்கதான் ஹாஜியார்."

"எனக்கு இப்ப என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"அப்ப தொண்ணூத்தெட்டு. கல்யாண மண்டபத்துக்கும் வந்து தலைமை தாங்கறேனா? நாலு கார்டுலயும் நான் வந்துடறேனேப்பா. ஒண்ணுலயாவது எனக்கு உடம்பு சரியில்லன்னு போடக்கூடாதா?"

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. இருபத்து நான்கு படித்தவர்கள், கட்டடத்தை மூடத் துணிந்தார்கள், பல்கலைக்கழகத்தையே கல்யாண மண்டபமாக்கத் துணிந்தார்கள், அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்கத் துணியவில்லை. நான் பார்த்த எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ தப்புகள் நடந்திருக்கின்றன. இப்படி ஒரு பாசமான தப்பை நான் பார்த்ததில்லை.

"என் பேரை அடிங்க" என்றார் ஹாஜியார். "அப்புறம் என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்."

வரதராஜன் சார் மார்க்கர் பேனாவைப் பர்வீனிடம் நீட்டினார். பர்வீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பேனா சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. நான் வெளியூர்க்காரி, பகுத்தறிவு பேசுகிறவள், இதற்காகவே காசு வாங்குகிறவள். என் கையும் எழவில்லை. உயிரோடு கண் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதரின் பெயரை எப்படி அடிப்பது?

ஹாஜியார் எழுந்து வந்தார். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, நான்கு தாளிலும் தன் பெயரைத் தானே அடித்தார். நிதானமாக, கோடு கோணாமல்.

"மவுத்து எல்லாருக்கும் வர்றதுதான், சாகாம யாரு இருக்கா. இப்ப சொல்லுங்க. இந்தக் கார்டெல்லாம் நிக்குதா?"

அப்போதுதான் பர்வீன் எழுந்தார். "ஹாஜியார், நாலு கார்டுலயும் கீழ ஒரு வரி இருக்கு. 'வேந்தர் அவர்களின் ஆதரவில் இயங்கும் பம்மல் மாலைக் கல்லூரி.' உங்க பேரை அடிச்சா அந்த வரியையும் அடிக்கணும். நாலுலயும்."

இதற்காகத்தான் இந்தப் பயிற்சியே. நான்கு எதிர்காலமும் நான்கு திசையில் போகின்றன, ஆனால் நான்கிலும் ஒரே ஆணியில் ஒரு கல்லூரி தொங்குகிறது. அந்த ஆணி இதோ நம் முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறது.

"ஏன், எழுதி வைக்கலையா?" என்றார் ஹாஜியார், வரதராஜனைப் பார்த்து.

"அறக்கட்டளைப் பத்திரத்துல எங்கயும் இல்ல ஹாஜியார். உங்க வாய்ச்சொல்தான்."

"இத்தனை வருஷமா ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க காலத்துக்கு அப்புறம்னு உங்ககிட்டயே வந்து எப்படி ஆரம்பிக்கறது?" வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹாஜியார் மகனைப் பார்த்தார். "நீ என்னடா நினைச்சிருந்தே? வித்துடலாம்னா?"

யூசுப் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல அத்தா. உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க இல்லேன்னா யாரைக் கேப்பேன்? அந்த நினைப்பே வேணாம்னு பம்மல் பேச்சையே எடுக்காம இருந்தேன். எல்லாரும் நான் அதை மூடப் பார்க்கறேன்னு நினைச்சாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பர்வீன் யூசுப்பை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். வருடக்கணக்காக அந்த மனிதரைக் கண்டால் அவர் வேறு பக்கமாக நடந்துவிடுவாராம். பிறகு காரில் சொன்னார்.

மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாடு ஆறிக் கிடந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கோவளம் வளாகம் நான்கில் ஒரு கட்டத்தில்தான் பிழைக்கிறது என்று யூசுப்பே ஒப்புக்கொண்டார். ஆகவே நிலத்தை இப்போதைக்குக் குத்தகைக்கு எடுத்து, சின்னதாக ஆரம்பித்துப் பார்ப்பது என்று முடிவானது. பம்மல் நான்கிலும் பிழைக்கிறது, வீட்டுப் பக்கத்தில் மாலையில் படிக்கிற ஆள் நான்கு எதிர்காலத்திலும் இருப்பார். பிழைக்காமல் போனால் அதற்கு ஒரே காரணம் எழுதி வைக்காததுதான். மாலைக் கல்லூரி யாருடைய ஆதரவிலும் இல்லாமல் பல்கலைக்கழகத்தின் நிலையான அங்கமாக வேண்டும், அதற்கென்று தனி ஆட்சிக்குழு, அதன் தலைவர் பர்வீன். அடுத்த வாரம் அறக்கட்டளைக் கூட்டத்தில் தீர்மானம்.

"இன்னொண்ணு" என்றார் ஹாஜியார். "இருபது வருஷம்லாம் எதுக்கு? இந்த வருஷ கார்டுலயே என் பேரு வேணாம். யூசுப் தலைமை தாங்கட்டும். நான் இல்லாம நீங்கள்லாம் எப்படி ஓட்டறீங்கன்னு நான் இருக்கும்போதே பார்த்துடணும். அப்புறம் பார்க்க முடியாதுல்ல?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். பர்வீன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. என் கூட்டம் ஒன்று பீரோவுக்குப் போகவில்லை.

மாலையில் குழுப்படம். வாசலில் நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். ஹாஜியார் நேராகப் பின்வரிசைக்குப் போய் ஓரமாக நின்றுகொண்டார். நடு நாற்காலி அப்படியே கிடந்தது. யூசுப் அதற்கு வலப்பக்கம் உட்கார்ந்தார், வரதராஜன் சார் இடப்பக்கம். நடுவில் யாரும் நகரவில்லை.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "இன்னா சார் இது, நடு சேர் காலியா கீது! யாராச்சும் குந்துங்க சார். போட்டோ அசிங்கமா வரும்."

"பர்வீன், போய் உக்காரும்மா" என்றது பின்வரிசைக் குரல்.

"ஐயோ, வேணாம் ஹாஜியார்."

"உக்காரு. வெயில் தாங்கல."

பர்வீன் உட்கார்ந்தார், நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக. படம் எடுத்தாயிற்று. ஹாஜியார் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மணலில் இறங்கிப் படகுகள் பக்கம் நடந்தார். மாலை ஏலம் முடிகிற நேரம், ஒரு அம்மாவிடம் வஞ்சிரத்துக்கு விலை பேசுவது இங்கிருந்தே கேட்டது. கிலோ எண்ணூறு என்றார் அந்த அம்மா. அறுநூறு என்றார் இவர். பல்கலைக்கழகத்தை விட்டுக்கொடுத்தவர், மீனில் இருநூறு ரூபாயை விட்டுக்கொடுக்கவில்லை.

இரவுப் பேருந்துக்குக் கிளாம்பாக்கம் வரை பர்வீனே கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பேசினார், பாதி வழி ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தார். இறங்கும்போது, வழியில் கொறித்தது போக மிச்சமிருந்த முறுக்குப் பொட்டலத்தை என் பையில் திணித்தார்.

ஊர் திரும்பிப் பத்து நாள் ஆயிற்று. திருச்சியும் ஒன்றும் வேறில்லை. எங்கள் வீட்டில் என் மாமனார் எந்தப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, கேட்டால் வாயைக் கழுவு என்பார் என் மாமியார். போன ஞாயிறு நான் கேட்டேன். மாமனார், "பீரோ மேல் தட்டுல, பச்சைப் பைல. யாராவது கேக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார். மாமியார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இன்று மதியம் கைபேசியில் ஹாஜியாரின் குரல்பதிவு வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், தீர்மானம் போட்டாச்சு. பட்டமளிப்பு விழா கார்டு ப்ரூஃப் வந்திருக்கு. பம்மல் மூணாவது வரில, பெரிய எழுத்துல. என் பேரு இல்ல. திருப்பித் திருப்பித் தேடினேன், எங்கயும் இல்ல. வரதன் பக்கத்துலயே நின்னு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்கான், எனக்கு ஏதாச்சும் ஆகுதான்னு. ஒண்ணும் ஆகல மேடம். நல்லா பசிக்குது. மீன் குழம்பு. சாப்பிடப் போறேன்."